இரண்டு கிளிக்

திரியெஸ்தே நகரில் காற்றுக்குப் பெயர் உண்டு: போரா.
ஆனாலும் அதற்குச் சம்மன் அனுப்ப முடியாது.
முந்தின நாளே அறிவிப்பு வந்திருந்தது.
மேலும் இது, பாதசாரிகள் பிடித்து நடக்கத்
தெருவோரம் கயிறு கட்டிவைத்த ஊர்.
ஆகவே 'எதிர்பாராத இயற்கை நிகழ்வு' என்ற கட்டத்தை
வெறுமையாகவே விட்டேன்.

சேதம்: மேட்டுத் தெருவின் அடியில்
துயீலியோ வஸ்கோத்தோவின் இளமஞ்சள் வெஸ்பா.
அதன்மேல் ஏறி நின்ற சாம்பல் நிற பாண்டா கார்.
இரண்டையும் தாங்கிக்கொண்ட மருந்துக்கடை ஷட்டர்.
ஓட்டுநர்: இல்லை.
பத்தொன்பது வருடமாக இதை எழுதுகிறேன்,
இந்த வார்த்தையில் மட்டும் பேனா சற்று நிற்கும்.

காருக்குச் சொந்தக்காரர் ஒந்தீனா சன்சின்,
கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், இரவு ஷிப்டு.
"மார்ச்சிலேயே இன்சூரன்ஸை நிறுத்திவிட்டேன்.
ஓட்டுவதே இல்லையே.
சும்மா நிற்கிற வண்டிக்கு யாராவது பணம் கட்டுவார்களா?"

கட்டுவார்கள்.
பொதுத் தெருவில் நிற்பதும் போக்குவரத்தில் சேர்த்திதான்
என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன.
பேட்டரி செத்திருக்கலாம்,
டயருக்கடியில் புல் முளைத்திருக்கலாம்,
இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அது போதும்.
கேட்டுவிட்டு அவர்
"அப்படிப் பார்த்தால் நானும்..." என்று ஆரம்பித்து
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வஸ்கோத்தோவுக்கு வாய் ஓயவில்லை.
பெயிண்ட் அடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லையாம்,
இந்தப் பொம்பளை ஒரு நாளாவது
கழுவியிருப்பாளா அந்தத் தகர டப்பாவை.
நான் டேப்பை விரித்தேன்.
வெஸ்பா நின்றிருந்தது வரிக்குதிரைக் கோட்டின்மேல்,
ஒன்றரை அடி உள்ளே.
மனிதர் அடங்கிப்போய் சிகரெட் தேடினார்.
தவறு இவரிடமும் இருக்கிறது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.
கண்ணளவாய்ப் போடுகிற உப்பா இது,
சதவீதத்தில் எழுதவேண்டும்.

பாண்டாவுக்குள் தலையை விட்டேன்.
கியர் நியூட்ரலில்.
சக்கரங்கள் நடைபாதைப் பக்கம் திரும்பாமல்
நேரே கீழே பார்த்தபடி.
கைப்பிரேக் இரண்டு கிளிக்.
இந்தச் சரிவுக்கு ஐந்தாவது வேண்டும்.
பக்கத்து இருக்கை முழுக்கச் சாய்ந்து கிடந்தது.
கம்பளி ஒன்று. பூசணி விதைத் தோல்.
வெல்டிங் கண்ணாடி, அதற்குள் ஒரு காதடைப்பான்.

"நேற்று உள்ளே யார் இருந்தது?"
"யாருமில்லை."
கேள்வி முடியும் முன்பே வந்த பதில்.
மருந்துக்கடைக்காரி ஷட்டரின் நெளிவைத்
தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தச் சத்தம் நின்றபிறகு
ஒந்தீனா சொன்னார்:
"ஷிப்டு முடிந்து வந்தால் வீட்டில் ஆறு பேர்.
மைத்துனன் டிரம்பெட் பழகுகிறான்.
ஏழிலிருந்து ஒன்பதுவரை இதில் படுப்பேன்.
முட்டி வலி. எழுந்திருக்க வேறு பிடிமானம் கிடையாது,
கைப்பிரேக்கைத்தான் பிடித்து அழுத்துவேன்."

அதற்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.
'வாகனத்தின் பயன்பாடு' என்ற இடத்தில்
'உறக்கம்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'நிறுத்தம்' என்று எழுதினேன்.
அடித்தது தெரிகிறது.

வஸ்கோத்தோவுக்கு உத்தரவாத நிதி கொடுத்துவிடும்.
பிறகு அந்தப் பணத்தைத் தேடிக்கொண்டு
ஒந்தீனாவின் வீட்டுப் படியேறும்,
மாதாமாதம், மெதுவாக, மறக்காமல்.
இதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.
"எவ்வளவு" என்று அவர் கேட்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு இழுவை வண்டி வந்தது.
கொக்கி மாட்டும்போது காற்று மறுபடி கிளம்பி
என் படிவத்தின் மஞ்சள் நகலைப் பறித்துக்கொண்டு
துறைமுகம் பக்கம் போனது.

"எங்கே கொண்டுபோவார்கள்?"
ஊருக்கு வெளியே ஒரு யார்டு, நாள் வாடகை உண்டு,
சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது என்றேன்.
"அங்கே தரை எப்படி?"
"சமதளம்."

தலையசைத்தார்.
வெல்டிங் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்,
கம்பளியை எடுக்கவில்லை.